தங்கக் கண்ணாடியில் ஒன்பது வளையங்கள்

வெளிச்சம் சாரின் எண் ஏழு.

இருபத்தேழு வருடம் ஒளியோடு மல்லுக்கட்டிய ஒரு விஞ்ஞானியை உலகத்தில் மற்ற விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதுதான் அந்த எண். ஏழிலும் நான்கு, அவரே தன்னைக் காட்டிக்கொண்டது. இரண்டு, அவரிடம் படித்துவிட்டு வேறு தொழிலுக்குப் போன ஒருவர் மனம் கேட்காமல் காட்டியது. மீதி ஒன்று, அதே பெயருள்ள ஒரு பல் மருத்துவருக்குப் போகவேண்டியது. விலாசம் தவறி இவரிடம் வந்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க இவர் மூன்று கடிதம் எழுதினார். பல் மருத்துவர், "பரவாயில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு நிறைய இருக்கிறது" என்று பதில் போட்டார்.

அந்த ஒளி ஆராய்ச்சி நிறுவனத்தில் முப்பத்தெட்டு விஞ்ஞானிகள் இருந்தார்கள். அவர்களுடைய மேற்கோள்களை எண்ண, மேற்கோள் தாக்கப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதில் நாற்பத்தொரு பேர். தினமும் காலை ஒன்பது மணிக்கு வாசல் கூடத்தில் தொங்கும் பெரிய திரையின் கீழே எல்லோரும் அணிவகுத்து நிற்கவேண்டும். பிரிவின் அதிகாரி எண்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். எண் ஏறியவர்களுக்குக் கைதட்டல். ஏறாதவர்களுக்கு ஒரு நிமிட மௌனம்.

நூறைத் தாண்டியவர்கள் லிஃப்டில் போகலாம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் கைவைத்த நாற்காலி. பத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு முதுகில்லாத ஸ்டூல், மூன்று மாடிக்கும் படிக்கட்டு. கேன்டீன் வரிசையும் எண்படிதான். வெளிச்சம் சாரின் முறை வரும்போது டீ ஆறி, பால் ஆடை கட்டி, அதிலும் ஒரு வளையம் தெரியும். அவர் அதையும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காலாட்டுவார். மனசு ஒரு நிலையில் இல்லாவிட்டால் வலது கால் தையல் மெஷின் மாதிரி ஆட ஆரம்பித்துவிடும். மற்றவர்களுக்கு இது சின்ன விஷயம். இவருக்கு ஆபத்து. ஏனென்றால் அவருடைய அறையில் இருந்த இரும்பு மேஜை காற்று மெத்தைகள் மேல் மிதந்துகொண்டிருந்தது. வராந்தாவில் யாராவது தும்மினாலே அதன் மேலிருந்த கருவியில் கோடு நடுங்கும். அதனால் கவலை வந்தால் எழுந்து வராந்தாவுக்குப் போய், கடைசி ஜன்னல் ஓரமாக நின்று ஆசை தீர ஆட்டிவிட்டு வருவார்.

அந்த மேஜையில் ஒரு கண்ணாடி இழைச் சுருள் இருந்தது. தலைமுடி பருமன். அதற்குள் ஒரு ஒளிக்கற்றை பதினோரு வருடம் எட்டு மாதமாக அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. வருடக்கணக்கில் ஒளியைச் சுமந்தால் இழை எவ்வளவு மங்கும் என்பது கேள்வி. கடலுக்கடியில் இழை புதைக்கிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ளாமலே புதைத்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வருடம் முடிந்தால் பதில் கிடைத்துவிடும். இன்னும் நான்கு மாதம். நடுவில் மேஜையை ஒரு சாண் நகர்த்தினாலும் எல்லாம் பாழ்; முதல் நாளிலிருந்து தொடங்கவேண்டும். வெளிச்சம் சார் ஓய்வு பெற இருந்ததோ இன்னும் மூன்றே வருடம்.

இந்த நிலையில்தான் இயக்குநர், மேற்கோள் அதிகாரியோடும் ஒரு அளவு நாடாவோடும் அறைக்கு வந்தார்.

"இந்த மேஜை எவ்வளவு நீளம்?" என்றார் இயக்குநர்.

"பன்னெண்டு அடி சார்."

"உங்க எண் ஏழு. ஒரு மேற்கோளுக்கு ஒண்ணே முக்கால் அடி மேஜை போட்டு உட்கார்ந்திருக்கீங்க. இது அநியாயம் இல்லையா?"

அதிகாரி ஒரு தாளைப் படித்தார்: மூன்று மாதத்துக்குள் எண் நூறைத் தொடாவிட்டால் மேஜை அகற்றப்படும்; அந்த அறையில் இரண்டாவது திரை வைக்கப்படும்.

"இரண்டாவது திரை எதுக்குங்க?"

"முதல் திரையை யார் யார் எவ்வளவு நேரம் பார்க்கறாங்கன்னு காட்டறதுக்கு."

"இன்னும் நாலே மாசம் கொடுத்தீங்கன்னா..."

"மூணு மாசம்," என்றார் அதிகாரி. "பன்னெண்டு வருஷம் எடுத்துக்கிட்டீங்க. நாங்க உங்கள ஒரு வார்த்தை கேட்டோமா?"

வெளிச்சம் சாரின் கால் ஆடத் தொடங்கியது. "ஒரு நிமிஷம் சார்," என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு ஓடினார். திரும்பி வரும்போது வந்தவர்கள் அளந்து முடித்துப் போயிருந்தார்கள். மறந்து வைத்த அளவு நாடா மட்டும், மேஜை ஓரத்தில் இருந்த தங்கக் கண்ணாடியின் பக்கத்தில் கிடந்தது.

அந்தத் தங்கக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லவேண்டும். உள்ளங்கை அகலம். மேலே மெல்லிசாகத் தங்கப் பூச்சு. ஒளியைத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. அதை யாரும் கையால் தொடக்கூடாது. தொட்டால் போச்சு, ரேகை அப்படியே பதிந்துவிடும். ஒளிக்கூடத்தில் முதல் நாள் சேருகிறவர்களுக்குக் கூட முதல் பாடம் அதுதான். தினமும் கையுறை மாட்டி, ஒவ்வொரு கண்ணாடியையும் விளக்கில் சாய்த்துப் பார்த்து, தூசியை ஊதி எடுப்பது டெக்னீஷியன் அக்காவின் பொறுப்பு. பத்தொன்பது வருடமாக அவர் கையால் ஒரு கறை பட்டதில்லை. அவர் அப்போது மகளின் பிரசவத்துக்காக மூன்று மாத லீவில் போயிருந்தார்.

மூன்று மாதத்தில் நூறு. வெளிச்சம் சார் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு, ஏதாவது ஒன்றை எழுதித்தான் ஆகவேண்டும் என்று, தங்கக் கண்ணாடியில் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வந்ததைப் படம் பிடித்தார். படத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக ஒன்பது வளையங்கள் இருந்தன. இதுவரை அவர் பார்க்காத வளையங்கள். மறுபடி எடுத்தார். அதே ஒன்பது. வேறு நிறத்தில் ஒளியைப் பாய்ச்சினார். ஒன்பது. பதினோரு வருடமாக அந்த அறையில் யாரும் எதையும் தொட்டதில்லை என்பதால், யாராவது தொட்டிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான்கு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பினார். பத்திரிகைக்கும் அவசரம் போலிருக்கிறது, பத்தே நாளில் போட்டுவிட்டார்கள்.

ஆறாவது வாரம் காலைக் கூட்டத்தில் அதிகாரி அவர் பெயரைப் படித்து, "அறுபத்தி நாலு" என்றார்.

பழக்கதோஷத்தில் எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். பிறகு சுதாரித்துக்கொண்டு கைதட்டினார்கள். மதியம் கைவைத்த நாற்காலி வந்தது. அடுத்த வாரம் நூற்று முப்பது. லிஃப்ட்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பத்தாவது வாரம் இருநூற்றுப் பத்தொன்பது. கேன்டீனில் டீ சுடச்சுட வந்து நாக்கு வெந்தது. இருபது வருடமாக முகம் பார்த்துப் பேசாத சக விஞ்ஞானி ஒருவர் வந்து, "நீங்க என்னை ரெண்டு தடவை காட்டுங்க, நான் உங்களை ரெண்டு தடவை காட்டறேன். வாரா வாரம் மாத்திக்கலாம்" என்றார்.

வெளிச்சம் சாருக்கு ஒன்றும் புரியவில்லை. உலகம் ஏன் திடீரென்று தன்மேல் இவ்வளவு பிரியம் வைத்தது என்று பார்க்க, பழைய ஏழு போக மீதி இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளையும் வரவழைத்துப் படித்தார்.

முதல் கட்டுரை, "இவர் சொல்வது தவறு" என்றது. இரண்டாவது, "இவர் சொல்வது எப்படித் தவறு என்பதை விளக்குகிறோம்" என்றது. மூன்றாவது அவருடைய படத்தைப் பெரிதாக்கிப் போட்டு, "இவை வளையங்கள் அல்ல. இது யாரோ ஒருவரின் கட்டைவிரல் ரேகை" என்று சொல்லிவிட்டு, நாகரிகம் கருதி அதோடு நிறுத்திக்கொண்டது. மற்றவர்களுக்கு அந்த நாகரிகம் இல்லை. ஒரு பாடப்புத்தகம் அவருக்கென்றே தனி அத்தியாயம் ஒதுக்கியிருந்தது. தலைப்பு: 'இப்படிச் செய்யாதீர்கள்.'

நூறு பக்கம் தாண்டுவதற்குள் அவருடைய கால், கைவைத்த நாற்காலியையே இரண்டடி நகர்த்தியிருந்தது.

நேராக இயக்குநரின் அறைக்குப் போனார். அதிகாரியும் அங்கே இருந்தார்.

"சார், அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கணும். அது கைரேகை. இருநூத்திப் பன்னெண்டு பேரும் நான் தப்புன்னு எழுதியிருக்காங்க."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "உட்காருங்க. இருபத்தேழு வருஷத்துல உங்களைச் சரின்னு எத்தனை பேர் சொன்னாங்க?"

"ஏழு. அதுல ஒண்ணு பல் டாக்டரோடது."

"தப்புன்னு?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"அப்போ உலகம் உங்ககிட்ட என்ன எதிர்பார்க்குதுன்னு இன்னுமா புரியல?"

அதிகாரி குறுக்கிட்டார். "எங்க பிரிவுல, சரின்னு சொன்னாலும் ஒண்ணு, தப்புன்னு சொன்னாலும் ஒண்ணு. நாங்க பாகுபாடு பார்க்கிறதே இல்ல. நீங்க ஏன் சார் பார்க்கறீங்க?"

"வாபஸ் வாங்கினா என்ன ஆகும்?"

"பழையபடி ஏழு. மேஜையைத் தூக்கிடுவோம்."

"வாங்கலேன்னா?"

"அதுக்கும் ஏற்பாடு பண்ணியாச்சு," என்றார் இயக்குநர் பெருமையாக. "வர்ற திங்கட்கிழமை அரங்கத்துல விழா. ஒன்பது வளையத்தை நேரடியா காட்டப்போறோம். மேஜையை அப்படியே மேடைக்கு ஏத்திடலாம். நாலு ஆள் சொல்லியிருக்கேன்."

வெளிச்சம் சார் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. வராந்தாவுக்கு ஓடினார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் இயக்குநர் விழாவை அறிவித்துப் பேசினார். "நான் இங்க வந்து ஆறு வருஷமாச்சு. இதுவரைக்கும் ஒரு கட்டுரைகூடப் படிச்சதில்ல. படிச்சா ஒருத்தர் மேல நல்ல அபிப்பிராயம், ஒருத்தர் மேல கெட்ட அபிப்பிராயம்னு வந்துடும். எண்ணை மட்டும் பார்க்கறேன் பாருங்க, அதான் நடுநிலை. ஒளின்னா என்னன்னு சிலர் என்கிட்ட கேட்கறாங்க. எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்துல தலையிடக்கூடாதுன்னு ஒரு கொள்கையா வெச்சிருக்கேன்." கைதட்டல் கூரையைத் தொட்டது. அதில் மூன்று பேருக்கு எண் கூடியதாகவும் சொல்கிறார்கள். அதை மட்டும் நான் நம்பவில்லை.

அன்று சாயங்காலம் வெளிச்சம் சார் வீட்டில் சோபாவில் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைத் திறந்தார், மூடினார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். டூட்டி முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, வீட்டையும் மேஜை மாதிரி மிதக்க விட்டுடலாமா? எதிர் வீட்டுப் பாத்திரம் வரைக்கும் ஆடுது."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். வாபஸ் வாங்கினால் மேஜை போகும், வாங்காவிட்டாலும் போகும் என்றார். "என் விரல்தான். எப்போ தொட்டேன்னே தெரியல. வயசாகுதுல்ல."

மனைவி அந்தப் பெரிதாக்கிய படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு கணவரின் வலது கையை இழுத்து விளக்கில் காட்டினார்.

"உங்க கட்டைவிரல்ல குறுக்கால தழும்பு இருக்கு. இழை ஒடிஞ்சு குத்தினது. நான்தான் தையல் பிரிச்சேன். படத்துல அது எங்க?"

அவர் படத்தைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"எங்க தியேட்டர்ல கிருமி வந்தா, எப்படி வந்துச்சுன்னு கேட்கமாட்டோம். கை கழுவாம யார் உள்ள வந்தான்னு கேட்போம்," என்றார் மனைவி. "நீங்க இருநூறு கட்டுரை படிச்சீங்க. இதை ஒருத்தன் கேட்கலையா?"

ஒருத்தரும் கேட்கவில்லை. அதற்கு எண் கிடையாது.

மறுநாள் காலை அவர், அன்றுதான் லீவு முடிந்து வந்த டெக்னீஷியன் அக்காவிடம் விழாவைப் பற்றிச் சொல்லி, படத்தைக் காட்டி, "இது என் ரேகை இல்லக்கா" என்றார். அக்கா பேரனைப் பார்த்துவிட்டு வந்த சந்தோஷத்தில் இருந்தார். படத்தைப் பார்த்ததும் அது இறங்கிவிட்டது.

"அப்போ என்னைச் சொல்றீங்களா?"

"ஐயோ, இல்லக்கா. என் விரல் இல்லன்னுதான் சொன்னேன்."

"இந்த ரூமுக்குள்ள வர்றது ரெண்டு பேரு. உங்க விரல் இல்லன்னா யாரோடதுன்னு அர்த்தம்? பத்தொம்பது வருஷம் சார். வீட்ல கண்ணாடி பார்த்தாகூட கையைப் பின்னால கட்டிக்கிட்டுதான் பார்க்கறேன். எங்க வீட்டுக்காரர் சிரிக்கிறாரு." கையுறையை உருவி மேஜையில் வைக்கப்போனவர், மேஜை ஆடும் என்று நினைவு வந்து பையில் போட்டுக்கொண்டார். "குடுங்க அந்தப் படத்தை."

அவர் நேரே கீழே போனார். வாசல் கூடத்தில், திரைக்குக் கீழே, வருகைப் பதிவு இயந்திரம் இருந்தது. எல்லோரும் அதில்தான் கட்டைவிரலை வைக்கவேண்டும். அக்கா முதலில் நகலெடுக்கும் மெஷினில் படத்தை நிஜ விரல் அளவுக்குச் சின்னதாக்கினார். பிறகு வருகை இயந்திரத்தின் கண்ணாடியில் அதை ஒட்டி அமுக்கினார். வெளிச்சம் சார் பின்னாலேயே மூச்சு வாங்க ஓடி வந்தார். அன்றைக்கு லிஃப்ட் இருந்தும் படியிலேயே இறங்கிவிட்டார்.

இயந்திரம் கொஞ்ச நேரம் யோசித்தது. அதற்கு எப்போதும் உரத்த குரல்.

"வருகை பதிவாகியது. வணக்கம், இயக்குநர் அவர்களே. இந்த மாதத்தில் இது உங்கள் முதல் வருகைப் பதிவு."

கூடத்தில் இருந்த பிரிவு ஊழியர்கள் நாற்பத்தொரு பேரும் எழுந்து நின்றார்கள். அதிகாரி பின்னால் திரும்பி, யாரும் இல்லாத இடத்துக்கு ஒரு வணக்கம் வைத்தார். பிறகு படத்தைப் பார்த்து, விஷயம் புரிந்து, மாடிக்கு ஓடினார்.

ஐந்தாவது நிமிடம் இயக்குநரே இறங்கி வந்தார். அக்கா ஓரடி பின்னால் போனார். வெளிச்சம் சார் அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"சார், அக்கா மேல தப்பில்ல. நான் சொல்லித்தான்..."

"அன்னிக்கு நாடா பிடிச்சப்போ," என்றார் இயக்குநர் மெதுவாக, படத்தையே பார்த்துக்கொண்டு, "நிஜத் தங்கமான்னு பார்க்க ஒரு தடவ அழுத்தித் தடவினேன். ஞாபகம் இருக்கு." தன் கட்டைவிரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறந்ததிலிருந்து கூடவே இருந்த விரலை அன்றுதான் முதல் தடவையாகச் சந்திப்பவர் போல இருந்தது அவர் முகம். "அப்போ அந்த வளையம் என்னுது."

"ஆமா சார்."

"இருநூத்திப் பன்னெண்டும்."

வெளிச்சம் சார் அதற்கும் தலையாட்டினார்.

"என் வளையத்துக்கு உங்க பேர் எப்படி வந்துச்சு?" என்றார் இயக்குநர். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஆறு வருஷமா அடுத்தவங்க எண்ணை வாசிக்கக் கேட்டுக்கிட்டே இருக்கேன். எனக்குன்னு ஒண்ணு இருந்திருக்கு. எனக்கே தெரியல."

அதிகாரி தலையை ஆட்டினார். "ஆசிரியர் பெயர் விடுபட்டது கடுமையான குற்றம் சார். திருத்தம் வெளியிடணும்."

வெளிச்சம் சாருக்கு அப்போதுதான் உள்ளே ஏதோ ஒன்று பொறி தட்டியது. "முழுசா எடுத்துக்கோங்க சார். என் பேரே வேண்டாம். திருத்தத்தை நானே எழுதறேன்."

"அந்த மேஜை?" என்றார் அதிகாரி. "அவர் எண் மறுபடி ஏழு ஆயிடும். விதிப்படி அகற்றணும்."

இந்த இடத்தில் அக்கா தொண்டையைக் கனைத்தார். "இயக்குநர் ஐயா வளையம் கண்டுபிடிச்ச மேஜைங்க அது. அதை நாலு ஆள் வெச்சு மேடைக்குத் தூக்கினா எவனாவது அந்தக் கண்ணாடி மேல கையை வெப்பான். ஐயா ரேகை மேல அவன் ரேகை விழும். அப்புறம் யார் கண்டுபிடிச்சதுன்னு எப்படிச் சொல்றது?"

இயக்குநர் தன் கட்டைவிரலை அவசரமாக மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"யாரும் தொடக்கூடாது," என்றார்.

"ஆமாங்க."

"ஒரு அங்குலம் நகர்த்தக்கூடாது."

"அதான் நல்லதுங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"இன்னும் ரெண்டு மாசமாவது," என்றார் வெளிச்சம் சார்.

"நிரந்தரமா," என்றார் இயக்குநர்.

அன்று மாலையே வெளிச்சம் சார் திருத்தத்தை எழுதினார். இருபத்தேழு வருடத்தில் அவர் ஒரே மூச்சில் எழுதி முடித்தது அது ஒன்றுதான். 'சென்ற கட்டுரையில் ஒரு முக்கியமான பெயர் விடுபட்டுவிட்டது. அதில் விவரித்த ஒன்பது வளையங்களும் எங்கள் நிறுவன இயக்குநர் தமது வலது கட்டைவிரலால் கண்ணாடியைத் தொட்டதால் மட்டுமே உண்டானவை. இதில் ஒளிக்கு எந்தப் பங்கும் இல்லை. முதலிலேயே சோதித்துப் பார்க்காமல் எழுதியதற்கு நான் வருந்துகிறேன்.'

இயக்குநர் இரண்டு தடவை படித்தார். "இந்த 'மட்டுமே' ரொம்ப நல்லா இருக்கு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பெரிதாக்கிச் சட்டம் போட்டு அறையில் மாட்டியும் வைத்தார். வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் ஒரு நிமிடம் நின்றார்கள். பழக்கதோஷத்தில் மௌனமாகவே நின்றார்கள்.

உலகத்தில் இப்படி ஒரு திருத்தம் இதுவரை வந்ததில்லை. அதை மேற்கோள் காட்டாத நாடு இல்லை. இயக்குநரின் எண் தொள்ளாயிரத்தைத் தாண்டியது. அவருக்கென்று தனியாக இன்னொரு லிஃப்ட் கட்டத் தொடங்கினார்கள். வெளிச்சம் சாருக்கு ஸ்டூலும் படிக்கட்டும் ஆடை கட்டிய டீயும் திரும்பி வந்தன. ஆனால் மேஜையைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டினார்கள். 'தொடாதீர்கள், சாயாதீர்கள், தும்மாதீர்கள்' என்று பலகை வைத்தார்கள். வாசலில் இரண்டு காவலர்கள். பதினோரு வருடமாக அவர் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத அமைதி ஒரே நாளில் கிடைத்தது. இரண்டாவது திரைக்கு வேறு இடம் இல்லாததால் அதைப் பிரிவின் அறையிலேயே வைத்தார்கள். நாற்பத்தொரு பேரும் கீழ் வராந்தாவில் நின்று எண்ணினார்கள்.

ஒரே ஒரு தொல்லை மட்டும் வந்தது. விரல் வைத்தால் எண் வரும் என்று செய்தி பரவி, மேற்கோள் அதிகாரி, துணை இயக்குநர்கள், பக்கத்து நிறுவனத்தின் தலைவர்கள் என்று ஒவ்வொருவராகக் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அக்கா ஸ்டோரிலிருந்து ஒரு பழைய கண்ணாடியை எடுத்து, வராந்தாவின் கடைசி ஜன்னல் பக்கம் ஆணியடித்து மாட்டினார். வரிசை படிக்கட்டு வரை போயிற்று.

மீதி மாதங்களும் முடிந்தன. பன்னிரண்டாவது வருடத்தின் கடைசி அளவை வெளிச்சம் சார் எடுத்தார். இழை மங்கியிருந்தது, எவ்வளவு என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆறு பக்கத்தில் எழுதி அனுப்பினார். பத்திரிகை ஒரு வருடம் யோசித்துப் போட்டது. அதற்கப்புறமும் ஒரு வருடம் திரை அவரை ஏழிலேயே வைத்திருந்தது.

ஒரு காலையில் அதிகாரி, "எட்டு" என்று வாசித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். ஒன்று கூடியதை யாரும் கவனிக்காததால் கைதட்டல் இல்லை.

எட்டாவது மேற்கோளை எழுதியவர், முதன்முதலில் அது கட்டைவிரல் ரேகை என்று கண்டுபிடித்தவர்தான். வெளிச்சம் சார் அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு மேலே வந்து, அக்காவுக்குப் படித்துக் காட்டினார். ஒரே வரி. 'இந்த அளவுகளை நம்பலாம். பன்னிரண்டு வருடமும் அங்கே கண்ணாடிகளைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள்.'

வெளியே யாரோ, "சார், தள்ளி நில்லுங்க, என் விரல் மேல உங்க விரல் படுது" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா கையுறையைக் கழற்றி, தாளை வாங்கி, அந்த வரியை மட்டும் விரல் படாமல் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"சார், இது எனக்கு வந்தது."

"ஆமாக்கா," என்றார் வெளிச்சம் சார். "எடுத்துக்கோங்க."

அக்கா தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வெளிச்சம் சார் ஸ்டூலில் உட்கார்ந்து கருவியைப் பார்த்தார். கோடு நடுங்கவில்லை.